கறுப்பில் ஆடும்போது எந்த டிஃபென்ஸ்?

கேள்வி: சில மாதங்களாக இணையத்தில் செஸ் ஆடி வருகிறேன். ரேட்டிங் 850-க்கும் 950-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது. வெள்ளை கிடைத்தால் பாதிக்கு மேல் ஜெயிக்கிறேன். கறுப்பு என்றால் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலிலேயே ஆட்டம் கையை விட்டுப் போய்விடுகிறது. சிசிலியன் நஜ்டார்ஃப், கிங்ஸ் இண்டியன், ஸ்காண்டிநேவியன் என்று வாரத்துக்கு ஒன்றாகக் காணொளி பார்த்து ஆடிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. இ5 ஆடினால் பொறிகளில் மாட்டிக்கொள்வாய், கேரோ-கான் எடு என்கிறார் நண்பர். எதைப் பிடித்துக்கொள்ளட்டும்? எதிராளி டி4 ஆடினால் என்ன செய்வது?

பதில்: இ4-க்கு இ5. டி4-க்கு டி5. இப்போதைக்கு இந்த இரண்டு போதும். (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் குறுக்குவரிசை. காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய். எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்த்தல்.) கேரோ-கான் நல்ல டிஃபென்ஸ்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. கடைசியாகக் கறுப்பில் தோற்ற இருபது ஆட்டங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் முதல் காய் எந்த நகர்த்தலில், எதனால் போனது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ரேட்டிங்கில் காரணங்கள் பெரும்பாலும் நான்குக்குள் அடங்கிவிடும்: காவல் இல்லாமல் நின்ற காய், எஃப்7 சிப்பாய் மீது விழுந்த அடி, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது) செய்யாமல் நடுவில் மாட்டிய ராஜா, சீக்கிரம் வெளியே வந்து துரத்தல் வாங்கிய ராணி. ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்த்தல் வரிசையை, மாற்றுவதால் முதல் காரணம் தீராது. மற்ற மூன்றும் தீரும், ஆனால் ஒவ்வொரு நகர்த்தலையும் ஏன் ஆடுகிறோம் என்று உங்களுக்கே தெரிகிற ஓப்பனிங்காக இருக்க வேண்டும். நஜ்டார்ஃப் உங்களிடம் ஒட்டாததற்குக் காரணமும் இதுதான். அதில் ஐந்தாவது நகர்த்தலாக வரும் ஏ6-க்குக் காரணம் உண்டு, ஆனால் அது புரிய இன்னும் பத்து நகர்த்தல் தள்ளி வரும் நிலைகள் தெரிந்திருக்க வேண்டும். இ5-இல் காரணம் கண்ணெதிரே பலகையிலேயே இருக்கிறது.

1.இ4 இ5 2.குதிரை எஃப்3. இது இ5 சிப்பாயைத் தாக்குகிறது. குதிரை சி6 அதைக் காக்கிறது, கூடவே ஒரு காயும் வெளியே வருகிறது. சிப்பாயால் காக்கலாமே என்று 2...எஃப்6 ஆடுபவர்கள் நிறையப் பேர். அங்கே வெள்ளை 3.குதிரை இ5-ஐ வெட்டும். நீங்கள் சிப்பாயால் குதிரையை வெட்டினால் 4.ராணி ஹெச்5 செக். ஜி6 வைத்துத் தடுத்தால் ராணி இ5-ஐ வெட்டி மீண்டும் செக் கொடுத்து ஹெச்8 யானையை எடுக்கும். ராஜாவை இ7-க்கு நகர்த்தினால் அது திறந்த வெளியில் அலையும். தொடக்கத்தில் எஃப் சிப்பாயைத் தொடாதீர்கள். ராஜாவுக்கு வாசல் திறக்கிற சிப்பாய் அது.

உங்கள் நண்பர் பயப்படுவது 3.மந்திரி சி4 வரும்போது. இட்டாலியன் என்பார்கள். மந்திரியின் பார்வை எஃப்7 மேல், அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. இங்கே உங்களுக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி 3...குதிரை எஃப்6. நல்ல நகர்த்தல். ஆனால் 4.குதிரை ஜி5 வந்துவிட்டால் எஃப்7-ஐ நேராகக் காக்க முடியாது, டி5 ஆடி மந்திரியின் வழியை மறிப்பதுதான் சரி. 5.இ சிப்பாய் டி5-ஐ வெட்டும். விபத்து நடப்பது இந்த இடத்தில்தான். கை தானாகவே குதிரையால் டி5-ஐத் திருப்பி வெட்டப் போகும். வெட்டினால் 6.குதிரை எஃப்7-ஐ வெட்டும், ராஜா அதை வெட்டும், 7.ராணி எஃப்3 செக். அந்த ராணி ராஜாவையும் டி5 குதிரையையும் சேர்த்துத் தாக்குகிறது. குதிரையை விடாமல் வைத்திருக்க ராஜா இ6-க்கு, பலகையின் நடுவுக்கே வர வேண்டும். 8.குதிரை சி3 வந்து அழுத்தம் இன்னும் கூடும். ஃப்ரைட் லிவர் என்று பெயர் பெற்ற தாக்குதல் இதுதான். கணினி இன்ஜினை வைத்து அலசினால் கறுப்புக்கும் தற்காப்பு கிடைக்கும், கடிகாரம் ஓடும்போது உங்களுக்கோ எனக்கோ கிடைக்காது. டி5-ஐ வெட்டாமல் 5...குதிரை ஏ5 ஆடுங்கள். மந்திரி தாக்குதலுக்கு உள்ளாகிறது. 6.மந்திரி பி5 செக், சி6 7.டி சிப்பாய் சி6-ஐ வெட்ட, பி சிப்பாய் அதை வெட்டும், 8.மந்திரி இ2 ஹெச்6 9.குதிரை எஃப்3 இ4. ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் வெள்ளையின் காய்கள் பின்வாங்கிக்கொண்டே இருக்க, உங்கள் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்றால் இரண்டாவது வழி 3...மந்திரி சி5. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இங்கே வெள்ளை பழக்க தோஷத்தில் 4.குதிரை ஜி5 ஆடினால், டி8-இலிருந்து ஜி5 வரை ராணிக்குச் சாய்வழி திறந்தே இருக்கிறது, குதிரையைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். உங்கள் ரேட்டிங்கில் இதைப் பலமுறை பார்ப்பீர்கள்.

வழக்கமாக வருவது 4.சி3 குதிரை எஃப்6 5.டி3 டி6. அமைதியான நிலை. ஏ6 ஆடி மந்திரிக்கு ஏ7-இல் ஒதுங்க இடம் வையுங்கள், கேஸ்லிங் செய்யுங்கள், மந்திரி ஜி5 வருவதற்கு முன்பே ஹெச்6 வைத்துவிடுங்கள். அதற்குள் வெள்ளை மந்திரி ஜி5 வந்து, ஹெச்6-க்குப் பின் ஹெச்4-க்குப் போய் உங்கள் குதிரையைக் கட்டிப்போட்டால் (குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும்), ஜி5 தள்ளி விரட்டலாமா? கேஸ்லிங் ஆகவில்லை என்றால் தள்ளலாம். ராஜா ஜி8-இல் உட்கார்ந்த பிறகு தள்ளினால் வெள்ளை குதிரையால் ஜி5-ஐ வெட்டி, நீங்கள் ஹெச் சிப்பாயால் குதிரையை வெட்ட, மந்திரியால் அதையும் வெட்டும். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய்தான் கிடைத்தது என்று கணக்குப் பார்ப்பீர்கள். ஆனால் எஃப்6 குதிரை கட்டிலிருந்து விடுபடாது, ராஜா முன்னால் சுவரும் இருக்காது.

கவனம் வேண்டியது 4.சி3 குதிரை எஃப்6 5.டி4 வரும்போது. இ சிப்பாயால் டி4-ஐ வெட்டுங்கள். 6.சி சிப்பாய் திருப்பி வெட்டும். இப்போது சி5 மந்திரி தாக்கப்படுகிறது. பி6-க்கு ஒதுங்கினால் வெள்ளையின் இ, டி சிப்பாய்கள் இரண்டும் கைகோத்து முன்னேறி உங்கள் குதிரைகளை விரட்டும். ஒதுங்காமல் 6...மந்திரி பி4 செக் கொடுங்கள். 7.மந்திரி டி2 வைத்துத் தடுத்தால் மந்திரிகளை மாற்றிக்கொள்ளுங்கள், 8.பி1 குதிரை டி2-ஐ வெட்டும், உடனே 8...டி5. மொத்த ஓப்பனிங்கின் உயிரும் இந்தச் சிப்பாய் அடியில் இருக்கிறது. 9.இ சிப்பாய் டி5-ஐ வெட்ட, உங்கள் குதிரை அதை வெட்டி, வெள்ளையின் டி4 சிப்பாய்க்கு நேர் எதிரே அசையாமல் உட்காரும். 7.குதிரை சி3 என்று தடுத்தால் இ4-ஐக் குதிரையால் வெட்டலாம். 8.கேஸ்லிங் வந்தால் மந்திரியால் சி3-ஐ வெட்டுங்கள், 9.டி5 தள்ளினால் மந்திரி எஃப்6-க்குத் திரும்பட்டும். ஆறாவது நகர்த்தலில் டி4-ஐ வெட்டாமல் 6.இ5 தள்ளி எஃப்6 குதிரையைத் தாக்கினாலும் ஓடாதீர்கள், அங்கேயும் 6...டி5 தான். மந்திரி சி4-இல் இருக்கிறவரை டி5 அதைத் தாக்கும், நேரமும் மிச்சம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 3.மந்திரி பி5 ருய் லோபஸ். ஏ6 ஆடி, வெட்டுகிறாயா பின்வாங்குகிறாயா என்று மந்திரியைக் கேளுங்கள். 4.மந்திரி சி6 குதிரையை வெட்டினால் டி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள், ஏனென்றால் 5.குதிரை இ5-ஐ வெட்டியதும் ராணி டி4 ஆடி குதிரையையும் இ4 சிப்பாயையும் ஒரே அடியில் தாக்கி, போன சிப்பாயை மீட்டுவிடலாம். 4.மந்திரி ஏ4 என்று பின்வாங்கினால் குதிரை எஃப்6, மந்திரி இ7. வெள்ளை யானை இ1 வந்து இ4-ஐக் காத்த பிறகுதான் இ5-க்கு உண்மையான ஆபத்து, அப்போது பி5, டி6 ஆடிவிட்டுக் கேஸ்லிங். இ5 சிறு பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் என்று யாராவது சொன்னால் 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியை நினைவூட்டுங்கள்: க்ராம்னிக் இதே ருய் லோபஸில் 3...குதிரை எஃப்6 என்ற பெர்லின் டிஃபென்ஸைச் சுவராக நிறுத்தினார். எதிரே ஆடிய காஸ்பரோவால் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை.

3.டி4 ஸ்காட்ச். டி4-ஐ வெட்டுங்கள், 4.குதிரை வெட்டும், குதிரை எஃப்6. 5.குதிரை சி3 வந்தால் மந்திரி பி4. வெள்ளை சி6 குதிரையை வெட்டும்போது மட்டும் பி சிப்பாயால் வெட்டுங்கள். டி சிப்பாயால் வெட்டினால் டி வரிசை திறந்து, ராணிகள் மாறி, ராஜா டி8-இல் மாட்டிக் கேஸ்லிங் உரிமையே போய்விடும்.

இரண்டாவது நகர்த்தலிலேயே ராணி ஹெச்5 ஆடுகிறவர்கள் இந்த ரேட்டிங்கில் அதிகம். 2...குதிரை சி6 ஆடி இ5-ஐக் காப்பாற்றுங்கள், முதலிலேயே ஜி6 ஆடினால் இ5-ஐ வெட்டிச் செக்கோடு யானை போகும். 3.மந்திரி சி4 வந்ததும் எஃப்7-இல் மேட் மிரட்டல். இப்போது ஜி6. எஃப்6-க்குக் குதிரையைக் கொண்டுவந்து ராணியைத் தாக்கிவிட்டோம் என்று மகிழ்ந்தால் அடுத்த நகர்த்தலில் மேட். 4.ராணி எஃப்3 மறுபடி மிரட்டும், இப்போதுதான் குதிரை எஃப்6. பிறகு மந்திரி ஜி7, கேஸ்லிங். வெள்ளையின் ராணி எஃப்3-இல் நிற்பதால் அதன் குதிரைக்கு அங்கே வர இடம் இல்லை.

சரி, கேரோ-கான். 1886-இல் கேரோ, கான் என்ற இருவரும் இதைப் பற்றி எழுதியதால் வந்த பெயர். 1.இ4 சி6 2.டி4 டி5. பிரெஞ்சு டிஃபென்ஸோடு (1...இ6) ஒப்பிட்டால் இதன் பெரிய லாபம், சி8 மந்திரி அடைபடுவதில்லை. 3.இ5 வந்தால் மந்திரி எஃப்5, அப்புறம் இ6, சி5. 3.குதிரை சி3 வந்தால் இ4-ஐ வெட்டி, 4.குதிரை வெட்டியதும் மந்திரி எஃப்5. 3.இ சிப்பாய் டி5-ஐ வெட்டினால் சி சிப்பாயால் திருப்பி வெட்டி குதிரை சி6, குதிரை எஃப்6. உண்மையில் உறுதியான அமைப்பு. ஆனால் பொறி இல்லாத ஊர் எதுவும் இல்லை என்று உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். 3.இ5 மந்திரி எஃப்5 4.ஹெச்4 ஆடுவார்கள், தவறு ஒன்றும் இல்லாதது போலத் தெரியும். நீங்கள் வழக்கம்போல 4...இ6 வைத்தால் 5.ஜி4 மந்திரி இ4 6.எஃப்3 மந்திரி ஜி6 7.ஹெச்5, மந்திரிக்குப் போக இடமில்லை. பதில் 4...ஹெச்5. இன்னொன்று இதைவிடக் கொடியது: 3.குதிரை சி3 வரிசையில் இ4-இல் மாற்றம் ஆன பிறகு 4...குதிரை டி7 5.ராணி இ2. ஜி8 குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் 6.குதிரை டி6 மேட். இ7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ராணி இ வரிசையில் நின்று அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆறு நகர்த்தலில் முடிந்துபோகும்.

அப்படியானால் ஏன் இ5? இ5-இன் பொறிகள் எஃப்7, திறந்த வரிசை, காய்களை வெளியே எடுக்கும் வேகம் என்று எல்லா ஓப்பனிங்கிலும் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்களைச் சொல்லித் தருகின்றன. கேரோ-கானின் பொறிகள் கேரோ-கானுக்கு மட்டும் உரியவை. முதல் வருடத்தில் ஒரு தோல்விக்கு அதிகம் கற்றுத் தருவது எது என்பதே என் கணக்கு.

பிரெஞ்சு, அதாவது 1...இ6, மேல்மட்டத்திலும் ஆடப்படுவதுதான். 2024 உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் டிங் லிரென் கறுப்பில் அதை வைத்துத்தான் குகேஷை வென்றார். ஆனால் சி8 மந்திரி நெடுநேரம் உள்ளேயே கிடக்கும், நெருக்கடியான இடத்தில் பொறுமையாக ஆடுவது தொடங்குபவர்களுக்குக் கடினம். ஸ்காண்டிநேவியனில் (1...டி5) 2...ராணி டி5-ஐ வெட்டியதும் 3.குதிரை சி3 அதை விரட்டும், ஒரு நகர்த்தல் போச்சு. ஆடலாம், பெரிதாக எதுவும் கற்க மாட்டீர்கள். சிசிலியனில் (1...சி5) வெள்ளையின் 2.சி3, 2.குதிரை சி3, 2.டி4 கொடுத்து 3.சி3 என்று பலியிடுவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதில் தேவை. 900-இல் எதிராளி முக்கிய வரிசைக்கே வரமாட்டார், நீங்கள் படித்ததும் பலகைக்கு வராது.

டி4-க்கு வருவோம். 1.டி4 டி5 2.சி4 என்றால் குயின்ஸ் கேம்பிட். 2...இ6, பிறகு குதிரை எஃப்6, மந்திரி இ7, கேஸ்லிங், பி8 குதிரையை டி7-க்கு. இந்த வரிசையில் ஆறேழு நகர்த்தல் ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம். சி4 சிப்பாயை வெட்டினால் லாபம்தானே என்று தோன்றும். வெட்டிவிட்டு அதைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்த்தால் நடப்பது இது: 2...சி4-ஐ வெட்டல் 3.இ3 பி5 4.ஏ4 சி6 5.ஏ சிப்பாய் பி5-ஐ வெட்ட, சி சிப்பாய் வெட்ட, 6.ராணி எஃப்3. ஏ8 யானை வரை சாய்வழி முழுக்கத் திறந்து கிடக்கிறது, அதைக் காக்கச் சிறு காய் ஒன்றையாவது கொடுக்க வேண்டும்.

இந்த ஓப்பனிங்கில் உங்களுக்குச் சாதகமான ஒரு பொறியும் உண்டு. 3.குதிரை சி3 குதிரை எஃப்6 4.மந்திரி ஜி5 வந்ததும் பி8 குதிரையை டி7-க்குக் கொண்டுவாருங்கள். 5.சி சிப்பாய் டி5-ஐ வெட்ட, இ சிப்பாய் திருப்பி வெட்டும். எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறது, டி5 சிப்பாய் இலவசம் என்று எதிராளி 6.குதிரையால் டி5-ஐ வெட்டுவார். தயங்காமல் குதிரையால் குதிரையை வெட்டுங்கள். 7.மந்திரி உங்கள் ராணியை வெட்டும். 7...மந்திரி பி4 செக். ராணியை டி2-இல் வைத்துத் தடுப்பதைத் தவிர வெள்ளைக்கு வேறு வழியே கிடையாது. மந்திரியால் ராணியை வெட்டி, 9.ராஜா அதை வெட்டியதும் உங்கள் ராஜா டி8 மந்திரியை எடுக்கட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை லாபம்.

இந்த அமைப்பின் தொல்லை, பிரெஞ்சில் சொன்ன அதே சி8 மந்திரி. நடு ஆட்டத்தில் பி6 வைத்து அதை பி7-க்கு எடுத்து, சி5 தள்ளி நடுவைத் திறங்கள். சி5 தள்ளாமலே இருந்தால் நிலை மெல்ல மெல்ல மூச்சு முட்டும்.

உங்கள் ரேட்டிங்கில் சி4-ஐ விட அதிகம் வருவது லண்டன் சிஸ்டம்: டி4, மந்திரி எஃப்4, இ3, சி3, வரிசை மாறாமல். குதிரை எஃப்6, சி5, குதிரை சி6, இ6, மந்திரி டி6 என்று பதில் சொல்லுங்கள். வெள்ளை மந்திரி ஜி3-க்குப் போய் உங்களை வெட்டச் சொல்லி அழைக்கும். வெட்டாதீர்கள். ஹெச் சிப்பாய் திருப்பி வெட்டியதும் ஹெச்1 யானைக்கு நேர்வழி திறக்கும், அந்தப் பக்கம்தான் உங்கள் ராஜா கேஸ்லிங் செய்யப் போகிறது. கேஸ்லிங் செய்து ராணி இ7 வைத்து இ5 தள்ளத் தயாராகுங்கள். குதிரை சி3-உம் மந்திரி எஃப்4-உம் சேர்ந்து வந்தால் பி5 வழியாக சி7 மீது குதிரை பாயும், ஏ6 ஆடி அதை முதலிலேயே அடைத்துவிடுங்கள். 1.சி4, 1.குதிரை எஃப்3 எது வந்தாலும் டி5, இ6, குதிரை எஃப்6, மந்திரி இ7 அமைப்பு தாங்கும்.

பயிற்சிக்கு மூன்று நிமிட ஆட்டங்கள் உதவாது, 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடியும் உள்ளதை எடுங்கள். ஆட்டம் முடிந்ததும் நீங்கள் அறிந்த வரிசையிலிருந்து முதலில் விலகியது யார், எந்த நகர்த்தலில் என்று பார்த்து நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். லிசெஸ் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர் இலவசம், அதில் ரேட்டிங் அளவை உங்களுடையதுபோல வைத்துக்கொண்டால் புத்தகத்தில் இருப்பதல்ல, எதிரே உட்காருபவர்கள் உண்மையில் என்ன ஆடுகிறார்கள் என்பது தெரியும். அடிக்கடி வருகிறதற்கு மட்டும் பதில் தேடுங்கள், அரிதாக வருவது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது ஆட்டம் போன பிறகும் திறந்த நிலைகளின் வேகம் பிடிக்கவில்லை என்றால் கேரோ-கானுக்கு மாறுங்கள், அப்போது டி4-க்கும் 2...சி6 என்ற ஸ்லாவ் டிஃபென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சி6, டி5 சிப்பாய்கள் ஒரே இடத்தில் நிற்பதால், ஒன்றில் பழகியது மற்றதிலும் கைகொடுக்கும்.